தகரக் கேப்டனின் நெற்றி

தம்பி,

இந்தக் கடிதத்தை உன்னால் படிக்க முடியாது என்று தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். உனக்கு எழுத்துத் தெரியாது, காதில் விழுந்தாலும் பாதிதான் புரியும். அது உன் குற்றமில்லை. நம் தீவில், இந்த ட்ராசாவில் உன் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஹிந்தியில்தான் விளையாடினீர்கள், ஹிந்தியில்தான் சண்டை போட்டீர்கள். நாங்களும் உங்களோடு அப்படியே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் ஆக்லாந்தில் நீ பெண் எடுக்கப்போகும் வீட்டில் ஒருவர் தமிழ் படிப்பார். உன் வருங்கால மாமனார் வேலாயுதம்தான் அவர். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள் இல்லை. லௌடோகாவில் இருந்த காலத்தில் புரட்டாசி மாதம் முழுவதும் கோயிலில் புராணம் வாசித்தவர். வாசல்வரை குரல் கேட்கும். அதனால், ஃபோனில் ஹிந்தியில் சொல்லி வைத்தபடியே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் இதை அவர் கையில் கொடு. அம்மா அனுப்பியிருக்கிறாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படியுங்கள் என்று சொல். அதற்கு முன்னால் எனக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து மேசைமேல் வை. இதே கடிதத்தின் இன்னொரு பிரதி என் மடியில் இருக்கும். ஷாலினியும் பக்கத்தில் இருக்க வேண்டும். தமிழ் கேட்டால் புரிகிற மாதிரி மகளை வளர்த்திருக்கிறேன் என்று அவர் பார்க்கிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவாராம். உனக்குப் புரியாததை அவள் சொல்லுவாள்.

வேலாயுதம் அண்ணா, வணக்கம். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். ஒரு வரியையும் விடாதீர்கள். விட்டால் நான் ஃபோனில் குறுக்கே பேச வேண்டியிருக்கும், அது சம்பந்திக்கு அழகில்லை.

தம்பி, இதையெல்லாம் ஃபோனில் ஹிந்தியிலேயே உன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். சொல்லியிருக்கலாம். நீ இரண்டு நாள் மனசு கஷ்டப்பட்டுவிட்டு, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அப்பா போன துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்திருப்பாய். உன் மாமனாரும் தலையைத் தடவி உன்னைச் சமாதானப்படுத்தியிருப்பார். எனக்கு அது வேண்டாம். அவர் செய்ததை அவர் வாயாலேயே அவர் வீட்டிலேயே நான் கேட்க வேண்டும். இதற்குப் பழிவாங்குதல் என்றுதான் பெயர். நான் வேறு பெயர் வைத்து மழுப்பப்போவதில்லை. உனக்குக் கல்யாணம் நடக்கிற சமயத்தில் ஒரு தாய் எழுத வேண்டிய கடிதமா இது என்றால், இல்லைதான். புத்திமதியும் எழுதுகிறேன், நடுநடுவே வரும், பொறுக்கி எடுத்துக்கொள்.

போன வாரம் நீ படங்கள் அனுப்பினாய் அல்லவா, அதிலிருந்து தொடங்குகிறேன். மாமா சின்ன வயதில் செய்த தகரப் பொம்மைகளைக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கண்காட்சியாக வைக்கிறார்கள், அந்த ராக்கெட் படங்களின் ரசிகர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், முடிந்ததும் எல்லாவற்றையும் வெளிநாட்டு மியூசியம் ஒன்று வாங்கிக்கொள்ளப்போகிறது, அவரைப் பாராட்டி நீதான் மைக்கில் பேசப்போகிறாய் என்று சந்தோஷமாகச் சொன்னாய். நான் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தேன். மூன்று இறக்கை வைத்த கப்பல். எட்டுக் கை இயந்திரப் பூதம். சாம்பல் முகமூடி போட்ட ராஜா. கடைசியில் கேப்டன். முழங்கால் உயரம், நீல அங்கி, நெற்றியில் வெள்ளையாக மூன்று கோடு, நடுக்கோடு மட்டும் மங்கல். கீழே அட்டையில் உன் மாமனாரின் பெயர். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. எனக்கு எழுந்து போகத் தோன்றவில்லை.

அந்தப் பொம்மைகள் அத்தனையும் உன் அப்பா செய்தவை. நீ பார்த்த அப்பா, மோட்டார் பட்டறையின் வாசலில் உட்கார்ந்து ரசீது போட்டுக்கொண்டிருந்த, வலது கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்த மனிதர். அதற்கு முன்னால் இருந்தவரை உனக்குத் தெரியாது. அதே பட்டறையில் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிற வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அங்கே வெட்டிப்போட்ட தகரத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவார். சாயந்திரம் லௌடோகா தியேட்டருக்குப் பட போர்டு எழுதுவார். அந்தத் தியேட்டரில் டிக்கெட், கணக்கு, போர்டு எல்லாம் பார்த்துக்கொண்டவர் வேலாயுதம் அண்ணன், அதனால் ஊரில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். இரண்டு பேரும் உயிர்ச் சிநேகிதர்கள். நம் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் அவருக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பேன். இதையும் சேர்த்தே படியுங்கள், அண்ணா.

அந்த ராக்கெட் படத்தின் முதல் பாகம் வந்தபோது ஊரே கிறுக்குப்பிடித்து அலைந்தது. கரும்பு வெட்டுகிறவர்கள் லாரி பிடித்து வந்தார்கள். ராக்கிராக்கியில் பினாங்கு என்கிற சர்க்கரை மில்லில் வேலை செய்த உன் பெரியப்பா அங்கிருந்து பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் புரியவில்லை, ஆனால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார். உன் அப்பா எத்தனை தடவை பார்த்தார் என்று கணக்கே இல்லை. பார்த்துவிட்டு வந்து ஷெட்டில் தகரத்தை வெட்ட ஆரம்பித்தார். முதலில் கேப்டன். படத்தில் கேப்டனுக்கு வெறும் நெற்றி. இவர் பொம்மையைச் செய்து, வர்ணம் அடித்து, தூர வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தார். பிறகு வெள்ளை எனாமலில் மூன்று விரலைத் தோய்த்து அதன் நெற்றியில் ஒரே இழுப்பாக இழுத்தார், நாம் திருநீறு வைத்துக்கொள்கிற மாதிரி. நான் சிரித்தேன்.

"இன்னா சிரிக்கிற? நெத்தி மூளியா இருந்தா நல்லாவா இருக்குது? சண்டைக்கிப் போற ஆளு, துண்ணூறு இல்லாமயா போவான்?" என்றார்.

அன்றிலிருந்து எத்தனை கேப்டன் செய்தாலும் பிரஷ்ஷைத் தொடமாட்டார், விரலால்தான். கப்பல் ஓட்டுகிற பெண்ணுக்கு ஒரு குங்குமப் பொட்டு. அதற்கு நான்தான் யோசனை சொன்னேன். பொம்மைகளைத் தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். வெள்ளைக்கார டூரிஸ்டுகள் நின்று பார்த்து, இது ஏன் நெற்றியில் கோடு என்று கேட்பார்கள். அவர்கள் நாட்டுக் கேப்டனுக்கு அது இல்லையே. உன் அப்பா, எங்கள் ஊர் வழியாக வந்த கேப்டன் என்பார்.

உன் மாமனார் இப்போது அந்தக் கோடுகளுக்கு வேறு கதை சொல்லுகிறார். நீயே ஃபோனில் வாசித்துக் காட்டினாய். அது விண்வெளிப் படையின் பதவிச் சின்னமாம். நடுக்கோடு மங்கலாக இருப்பது, போரில் தோற்று ஒரு பதவி பறிபோனதைக் காட்டுகிறதாம். பொட்டு ஏதோ ஒளித் துப்பாக்கியின் குறியாம். அதைப்பற்றி ரசிகர்கள் பக்கம் பக்கமாக விவாதிக்கிறார்களாம். தம்பி, எனக்கு ஆத்திரத்திலும் சிரிப்பு வந்தது. திருநீற்றுக்குப் பதவி உயர்வு கொடுத்த முதல் மனிதர் உன் மாமாதான்.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன். முதல் கூ, அதாவது முதல் ஆட்சிக்கவிழ்ப்பு நடந்த வருஷம். ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, நம் ஜனங்களுக்குத் தூக்கம் போனது. ராத்திரி வெளியே போகக்கூடாது என்றதும் தியேட்டரை மூடினார்கள். பாஸ்போர்ட் இருந்தவர்கள் வீட்டை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். வேலாயுதம் அண்ணனுக்கு நியூசிலாந்து போகக் காகிதம் தயாராகிவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் இருந்த பொம்மைகளை உன் அப்பா நம் ஷெட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். ஒரு நாள் மாஸ்டர் வந்தார். நான் உனக்குப் பால் கொடுத்துக்கொண்டு உள்ளே இருந்தேன், பேசியதெல்லாம் கேட்டது.

"எல்லாத்தியும் குடுப்பா, நான் எட்த்துக்கினு போறேன். அங்க இதுக்குன்னு பைத்தியமா அலையிறானுங்களாம்."

"வாணாம் அண்ணே. இங்கயே கெடக்கட்டும். எப்பனா தியேட்டர் தொறந்தா பசங்க பாக்கும்."

"இனிமே எங்க தொறக்கறது. பொழைக்கத் தெரியாத ஆளா இருக்கிறியே."

உன் அப்பா சிரித்துக்கொண்டே மறுபடியும் வேண்டாம் என்றார். மாஸ்டரும் சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் கண்ணில் இருக்கிறது.

இரண்டொரு நாளில் சிப்பாய்கள் வந்தார்கள். அப்பா ஷெட்டில் இருந்தார். "பந்தூக் எங்கே? தியேட்டர் மாஸ்டர் சொன்னார், உன்னிடம் நிறைய இருக்கிறதாம்" என்று ஹிந்தியில் கேட்டான் ஒருவன். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். என் இரண்டு காதாலும் கேட்டேன், உன் அப்பாவும் கேட்டார். அவர் முகம் அப்போது போன போக்கை நான் யாருக்கும் சொன்னதில்லை. பந்தூக் இருந்தது, தம்பி. சைக்கிள் பம்பிலும் சைலன்சர் குழாயிலும் செய்த ராக்கெட் படத் துப்பாக்கிகள், இன்னும் வர்ணம் அடிக்காதவை, இருட்டில் பார்த்தால் நிஜம் போலவே இருக்கும். வெளியே எடுத்துப் பார்த்ததும் சிப்பாய்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதில் ஒரு சின்னப் பையன் கேப்டனைத் தூக்கிப் பார்த்து, நானும் இந்தப் படம் பார்த்தேன் என்றான். அதோடு போயிருப்பார்கள். அவர்களுடைய பெரியவன் மட்டும் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் செய்கிறவன் நிஜமாகவும் செய்வான் என்று சொல்லி அவரை ஜீப்பில் ஏற்றினான்.

அண்ணா, நீங்கள் பொய் சொல்லவில்லை என்று சொல்லுவீர்கள். வாஸ்தவம்தான். துப்பாக்கி இருக்கிறது என்றீர்கள், இருந்தது. தகரம் என்ற ஒரு சொல்லைத்தான் விட்டுவிட்டீர்கள். கோயிலில் படிக்கும்போதும் நீங்கள் அப்படித்தான், நேரமாகிவிட்டால் நைசாக நாலு பாட்டைத் தாண்டிவிடுவீர்கள், ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்த நாள் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ராணுவ முகாம் வாசலில் வெயிலில் நின்றேன். அந்த நேரம் பார்த்து இவர் லாரியோடு நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். மறுபடி சோதனை வந்தால் ஆபத்து, நான் பத்திரப்படுத்தி வைக்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, ஷெட்டைத் துடைத்து வைத்த மாதிரி காலிசெய்து கொண்டு போயிருக்கிறார். பெட்டிகள் முன்கூட்டியே அளவாகச் செய்து வந்திருந்தனவாம், கப்பல் உட்காருகிற அளவுக்கு ஒரு நீளப் பெட்டி உட்பட. இதிலிருந்து நீ ஒரு புத்திமதி எடுத்துக்கொள். உன்னைக் காப்பாற்ற வருகிறேன் என்று ஒருவர் வந்தால், கையில் பெட்டி இருக்கிறதா என்று பார். அப்பா வீடு திரும்புவதற்கு முன்னால் அவர் வோட்டுவாலேவு வழியாக விமான நிலையம் போய்ச் சேர்ந்துவிட்டார். கடலில் பெட்டிகள் பின்னால் போயின.

அப்பா திரும்பி வந்தபோது வலது கை துணியில் சுற்றியிருந்தது. முகாமில், செய்த கை எது என்று கேட்டிருக்கிறார்கள். இவர் சத்தியவான், நீட்டியிருக்கிறார். பூட்ஸ் காலால் மிதித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள், விரல்கள் கூடி வரவில்லை. மாதக்கணக்கில் நான் சோறு ஊட்டினேன். உனக்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய். நீ சிரிப்பாய், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்குப் பிறகு அவர் ஒரு தகரத் துண்டையும் தொடவில்லை. பட்டறை முதலாளி இரக்கப்பட்டு வாசலில் ரசீது போட வைத்தார், அதையும் இடது கையால்தான் பழகினார். ஷெட்டில் நான் கோழி வளர்த்தேன்.

"வுடு. போனவன் போவட்டும். பையனுக்குச் சொல்லாத, மனசுல வெசம் ஏறிடும்" என்றார். தான் சாகிறவரை சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். சின்னப் பிள்ளையாக நீ, அப்பா ஏன் கையைப் பையிலேயே வைத்திருக்கிறார் என்று கேட்டபோது, பட்டறையில் அடிபட்டது என்று சொன்னேன். நீ வளர்ந்த பிறகு ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்து ஊர் கலங்கியபோது, உன்னையும் ஆக்லாந்துக்கு அனுப்பிவைத்தோம். அத்தனை பெரிய ஊரில் நீ போய் விரும்பிய பெண் இவருடைய மகள். பெண்ணின் அப்பா பெயரை நீ சொன்னதும் உன் அப்பா ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். நான் பின்னாலேயே போய், இப்போதாவது சொல்லட்டுமா என்றேன். பெண் நல்ல பெண்ணாம், விட்டுவிடு என்றார். அவர் மன்னித்துவிட்டார். அது அவர் பெருந்தன்மை, அவரோடு போயிற்று. நான் மன்னிக்கவில்லை. போன மாதம் வருஷத் திதி கொடுத்து முடித்தோம். என் சத்தியமும் முடிந்தது.

இப்போது பயந்துபோய்க் கல்யாணத்தை நிறுத்திவிடாதே. ஷாலினி உன்னைக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும். அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. என்னை ஃபோனில் அத்தை என்று கூப்பிடுகிறபோது எனக்கு வயிறு குளிருகிறது. அப்பன் செய்ததற்காக அவளை ஒரு வார்த்தை சொன்னாய் என்று தெரிந்தால் அடுத்த கடிதம் உனக்குத்தான் இப்படி வரும். அவளுக்கு எதிராக நான் எதையும் வைத்திருக்கவில்லை. எனக்கு வேண்டியது இவர்தான். இவரும் ஆயுசோடு இருக்க வேண்டும், கண்ணும் காதும் நன்றாக இருக்க வேண்டும், என் பேரப்பிள்ளைகள் இவரைப் பார்க்கும்போதெல்லாம் இவர் யார் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

எனக்கு இவருடைய மன்னிப்பு வேண்டாம். அதையும் ராகம் போட்டு நன்றாகவே கேட்பார். மியூசியத்திலிருந்து வருகிற எதுவும் வேண்டாம். அந்த அட்டையில் உன் அப்பாவின் பெயர் வர வேண்டும். கடல் தாண்டி அந்த மியூசியத்துக்குள் போய்விட்டால் பிறகு யார் போய் மாற்றுவது? இன்னாரின் மகன் நீ, நாளைக்கு மைக்கைப் பிடித்து, அப்பாவின் கையை உடைக்கக் காரணமானவரைப் பெரிய கலைஞர் என்று சொல்லுவாயா? அந்தப் பேச்சு உன் வாயிலிருந்து வரக்கூடாது. இதுதான் நான் உனக்குச் சொல்லும் கடைசிப் புத்திமதி. ஒரு பொருளைப் பாராட்டுகிறதற்கு முன்னால், செய்தவன் யார் என்று கேள்.

இவர் மறுக்கலாம். கிழவி உளறுகிறாள், எல்லாம் நான் செய்ததுதான் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் சண்டை போடாதே. ஒரு கிண்ணத்தில் வெள்ளைப் பெயிண்ட் ஊற்றி முன்னால் வை. கேப்டனுக்குச் செய்த மாதிரி மூன்று விரலைத் தோய்த்து ஒரு தட்டில் இழுக்கச் சொல். இவர் விரல்கள் குறையில்லாமல் இருக்கின்றன, மூன்று கோடும் பளிச்சென்று விழும். உன் அப்பாவுக்கு நடுவிரலில் நுனி கிடையாது. என்னைக் கட்டிக்கொள்ளுகிறதற்கு முன்னாலேயே தகரம் வெட்டுகிற கத்திரியில் போய்விட்டது. அதனால் அந்த விரல் பட்டும் படாமல்தான் ஓடும். எந்தக் கேப்டனை வேண்டுமானாலும் எடுத்துப் பார். எல்லோருடைய நெற்றியிலும் நடுக்கோடு மங்கல்தான். பறிபோன பதவியாம்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். கண்காட்சியன்று முன்வரிசையில் உட்காருவேன். முகூர்த்தத்தின்போது அம்மா கொஞ்சம் பின்னால் இருக்கட்டும் என்று இவர் உன்னிடம் சொன்னாராமே, அன்றைக்கும் முன்வரிசையில்தான் உட்காருவேன். வெளியூர்க்காரர்கள் கேப்டனைச் சுற்றி நின்று, நடுக்கோடு ஏன் மங்கல் என்று கேட்பார்கள். அப்போது இவர் சொல்ல வேண்டும், செய்தவனுக்கு அந்த விரலில் நுனி இல்லை என்று. மற்ற விரல்களுக்கு என்ன ஆயிற்று என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் எழுந்து சொல்லுவேன். அரைகுறையாகத்தான் இருக்கும், ஆனால் நான் எதையும் விட்டுச் சொல்லமாட்டேன்.

அவ்வளவுதான், அண்ணா. நன்றாகப் படித்தீர்கள். இனி கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, தலையைத் தூக்கி உங்கள் மகள் முகத்தைப் பாருங்கள்.